கொழுப்பு உயிரணு பிறக்கும் விதம்



உடம்பில் இருக்கும் கொழுப்பை வேண்டாத சுமை என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால், கொழுப்பைச் சேர்த்து வைக்கும் உயிரணுக்கள் ஏறக்குறைய இல்லாமலேயே பிறக்கின்ற சிலர் இருக்கிறார்கள். ஒட்டிய கன்னம், நரம்பு புடைத்த கை கால். இப்படிப்பட்டவருக்கு இனிப்பு நீர் எங்கே வரப்போகிறது என்றுதானே நினைப்போம்? பலருக்குப் பருவ வயதிலேயே கடுமையாக வந்துவிடுகிறது. தங்க இடமில்லாத கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் போய் அடைந்துகொள்வதே காரணம். ஆகவே, கொழுப்பு உயிரணு சரியாக உருவாவது நமக்கு மிகவும் வேண்டிய காரியம்.

அது உருவாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1970-களின் நடுவில் அமெரிக்காவில் ஹோவர்ட் கிரீன் என்னும் அறிஞர் சுண்டெலியின் உயிரணுக்களைத் தட்டில் வளர்த்தபோது, சில கொழுப்புத் துளிகளைச் சேர்ப்பதைக் கண்டார். பின்னர் மனித உயிரணுக்களிலும் இது கைகூடியது. அறுவைச் சிகிச்சையில் எடுத்த கொழுப்புத் துண்டிலிருந்து, இன்னும் கொழுப்பு சேராத இளம் உயிரணுக்களைப் பிரிக்கிறார்கள். அவை நீண்டு மெலிந்திருக்கும். இன்சுலினும் வேறு சில மருந்துகளும் கலந்த ஊட்டநீரில் வைத்தால், இரண்டு வாரங்களில் உருண்டு, உள்ளே துளிகள் பளபளக்கும்.

இதற்கிடையே உள்ளே என்ன நடக்கிறது? தோட்டத்துக் காலைப் பெரட்டை நினைத்துக்கொள்வோம். பெயர்ப் பதிவில் எல்லாருடைய பெயரும் உண்டு. ஆனால், அன்றைக்குப் பெயர் கூப்பிடப்பட்டவரே வேலைக்குப் போவார். உயிரணுவிலும் சுமார் 20,000 மரபணுக்கள் இருக்கின்றன. கொழுப்பு உயிரணுவாக மாறத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே முதல் மரபணுக்கள் கூப்பிடப்படுகின்றன. அவை 'பி.பி.ஏ.ஆர். காமா' என்ற மரபணுவை எழுப்புகின்றன. இதுதான் மண்டோர். இது இல்லாமல் கொழுப்பு உயிரணு உருவாவதில்லை. இளமையில் வேலை செய்த சில மரபணுக்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சர்க்கரையை உள்ளே இழுப்பவை, கொழுப்பைக் கட்டி வைப்பவை எனப் புதிய ஆட்களை வேலைக்கு விடுகிறது. முதிர்ந்த உயிரணு லெப்டின் என்ற சுரப்பையும் இரத்தத்தில் விடுகிறது. சேமிப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்லும் தூது அது. 1994-இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

இனிப்பு நீருக்குத் தரும் பையோகிளிட்டசோன் மாத்திரை இந்த மண்டோரைத்தான் தட்டி எழுப்புகிறது. சர்க்கரை இறங்கும்; எடை சற்றுக் கூடலாம், கால் வீங்கலாம். இருதயம் பலவீனமானவருக்கு ஆகாது. அடுத்த வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று நாமும் வாங்கி விழுங்கும் மருந்தல்ல இது.

தட்டில் இரத்தக் குழாயுமில்லை, நரம்புமில்லை. எனவே அங்கே கண்டதெல்லாம் உடம்புக்கு அப்படியே பொருந்திவிடாது. என்றாலும் ஒரு வேற்றுமை தெளிவாகத் தெரிகிறது. தோலுக்கடியிலிருந்து எடுத்த இளம் உயிரணுக்கள் எளிதில் மாறுகின்றன. வயிற்றுக்குள் குடலை மூடியிருக்கும் கொழுப்பிலிருந்து எடுத்தவை தயங்குகின்றன. அங்கே புதிய உயிரணு எளிதில் பிறக்காததால், இருப்பவையே ஊதிப் பெருக்க நேரிடுகிறது. அளவுக்கு மீறிப் பெருத்த உயிரணு இன்சுலினின் சொல்லைச் சரிவரக் கேட்பதில்லை.




சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2008-இல் வேறொன்றைக் காட்டினார்கள். வளர்ந்த மனிதருக்கு ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கு கொழுப்பு உயிரணுக்கள் மடிந்து, அதே அளவு புதியவை பிறக்கின்றன. எடை குறைந்தவரிடமும் எண்ணிக்கை குறையவில்லை. ஒவ்வோர் உயிரணுவும் சுருங்கித்தான் இருந்தது.