விம்பிள்டன் புல் நம் வீட்டு வாசலில் வளருமா?



விம்பிள்டன் டென்னிஸ் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, ஆட்டத்தைவிட அந்தப் பச்சைத் தரையே பலரின் கண்ணைப் பறிக்கிறது. "அந்த விதையை வாங்கி நம் வீட்டு முன்னால் தூவினால் என்ன?" என்ற ஆசை யாருக்கும் வரும். காசு கொடுப்பதற்கு முன் அந்தப் புல்லின் குணத்தைத் தெரிந்துகொள்வோமே!

அதன் பெயர் பெரெனியல் ரைகிராஸ். குளிர்ப் பிரதேசத்துப் புல். 2001ஆம் ஆண்டு முதல் விம்பிள்டன் திடல்களில் முழுக்க முழுக்க இதையே விதைக்கிறார்கள். அதற்கு முன் 70 விழுக்காடு இதுவும், 30 விழுக்காடு ஃபெஸ்கியூ என்ற மெல்லிய புல்லும் கலந்திருந்தன. ஆட்டக்காரர்களின் காலடியை இரண்டு வாரம் தாங்க வேண்டும் என்பதற்காகவே இந்த மாற்றம்.

இது விதைத்த ஒரு வாரம், பத்து நாளில் முளைத்துவிடும். ஆனால் கொத்துக் கொத்தாகத்தான் வளரும். கொடி விட்டுப் படராது. ஓரிடம் சொட்டையானால் மறுபடி விதைத்தால்தான் மூடும்.

மெல்பர்னிலோ லண்டனிலோ குடியிருக்கும் நம் பிள்ளைகள் இதைத் தாராளமாக வளர்க்கலாம். விம்பிள்டனில் போட்டியின்போது 8 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டுவார்கள். அதற்கென்றே பயிற்சி பெற்ற பணியாளர்கள் அங்கே இருக்கிறார்கள். வீட்டில் 4 முதல் 6 சென்டிமீட்டர் உயரம் விடுங்கள். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். தண்ணீரை அதிகாலையில், வேர் வரை இறங்கும்படி ஊற்றுங்கள். இரவெல்லாம் இலையில் ஈரம் நின்றால் பூஞ்சை நோய் பிடிக்கும். கடும் வெயில் காலத்தில் உரத்தை அள்ளிப் போட வேண்டாம்.

சரி, கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும்? இந்தப் புல் செழிப்பது 15 முதல் 24 பாகை செல்சியஸ் வெப்பத்தில். நம் ஊர்ப் பகல் 30 பாகையைத் தாண்டுகிறது, இரவும் குளிர்வதில்லை. பகலில் தயாரிக்கும் உணவில் பெரும் பகுதியைப் புல் அந்த வெக்கையான இரவில் சுவாசித்தே தீர்த்துவிடும். வேர் குட்டையாகும், இலை மஞ்சளாகும். முதல் சில வாரம் பச்சைப் பசேல் என்றிருந்தது மெல்ல மெல்லக் கருகும். தினமும் குழாயைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிய பெரியவர், "எனக்குக் கைராசி இல்லை" என்று நொந்துகொள்வார். பாவம், அவர் மேல் குற்றமே இல்லை.

நம் மண்ணுக்கென்று புல் இல்லாமலா போய்விட்டது? கவ் கிராஸ் என்கிறோமே, அந்த அகல இலைப் புல் நிழலிலும் வளரும். அடர்த்தியான மெத்தை வேண்டுமென்றால் சோய்சியா இருக்கிறது. வெயில் நன்றாக விழும் இடத்துக்குப் பெர்முடா. அது வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அதே அருகம்புல்தான்!

விதை வாங்கும் முன் அதன் பெயரைக் கேளுங்கள். எந்த வெப்பத்தில் வளரும் என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்வி போதும், பணமும் மிஞ்சும், மனமும் நோகாது.