கடை மண்ணடியில், வீடு எங்கே?

மண்ணடிக் கடைகளில் நிற்கும் தம்பிமார்களே! பக்கத்திலேயே அறை வேண்டுமென்று காற்று நுழையாத மாடிக்கு வாடகையைக் கொட்டுகிறீர்கள். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறதே! பல்லாவரம், குரோம்பேட்டை நிலையங்களுக்கு நடக்கும் தூரத்தில் தேடுங்கள். கடை அடைத்தபின் ஓர் இரவு அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, தண்ணீர் வருகிறதா என்று குடியிருப்பவரிடமே கேளுங்கள்.

பெயரைச் சொன்னதும், "வீடு முடிந்துவிட்டது" என்பார்கள். எனக்கும் சொன்னார்கள், அடுத்த தெருவில் ஒரு பெரியவர் பெயரே கேட்காமல் சாவி தந்தார்.

பத்து மாத அட்வான்ஸ் என்றால் உடனே தலையாட்டாதீர்கள். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அந்த 'வேறு ஒப்பந்தம்' நீங்கள் படிக்காமல் போடும் கையெழுத்துத்தான்!