டோக்கியோ கடைத்தெருவும் கரிசல் தானியமும்
(புதூரில் கூடிய பஞ்சாயத்து அன்பர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



2025-ஆம் ஆண்டு மே மாதத்தில், கிராம அபிவிருத்திப் பயிற்சி ஒன்றின் பொருட்டு, மூன்று வாரம் ஜப்பான் தேசத்தில் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. திரும்பி வந்தது முதல், அங்குள்ள அதிவேக இரயிலைப் பற்றியே பலரும் கேட்கின்றனர். இரயிலைப் பற்றி நான் பேசப் போவதில்லை. வகுப்பு முடிந்த பின் மாலைதோறும் டோக்கியோ கடைத்தெருக்களில் நடந்து, அந்நகரத்தார் எதை வாங்குகின்றனர், எதை உண்கின்றனர், எதற்கு எவ்வளவு விலை கொடுக்கின்றனர் என்று கவனித்து வந்தேன். கம்பும் குதிரைவாலியும் மல்லியும் மிளகாயும் விளைவிக்கும் நமக்கு அதுவே உபயோகமான விஷயம்.

அந்நாடு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நம் பக்கத்து ஊராகிய எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் 1916-ஆம் ஆண்டிலேயே ஜப்பானியக் கவிதையைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். 1930-களில் டோக்கியோ சென்று புகைப்படக் கலை பயின்ற ஏ. கே. செட்டியார் அந்நாட்டைப் பற்றித் தமிழில் எழுதி வைத்தார். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் தலையெடுக்கும் முன்னர், இந்தியக் கடைகளில் விற்ற தீப்பெட்டிகளில் பெரும்பங்கு ஜப்பானிலிருந்தே கப்பலேறி வந்தது என்பதை மூத்தோர் கேள்விப்பட்டிருக்கலாம்.

முதலில் உணவு விடுதியைச் சொல்கிறேன். விடுதி வாசலில் கண்ணாடிப் பெட்டி ஒன்று இருக்கும். அதனுள் அங்கே கிடைக்கும் உணவு வகைகள் யாவும் கிண்ணம் கிண்ணமாக வைக்கப்பட்டிருக்கும். அவை உண்மை உணவல்ல. முன்னாளில் மெழுகாலும் இந்நாளில் பிளாஸ்டிக்காலும் செய்யப்பட்ட மாதிரிகள். பாஷை தெரியாத என் போன்றவன் விரலால் சுட்டிக் காட்டினால் போதும். எனக்கு வியப்பளித்தது யாதெனில், வெளியே மாதிரியில் என்ன கண்டேனோ அதுவே உள்ளே கிண்ணத்திலும் வந்தது. அளவிலும் மாற்றமில்லை; நிறத்திலும் மாற்றமில்லை. மரக்கறி உண்பவர்க்கு மட்டும் அங்கே பெருந்திண்டாட்டம். கீரைக் குழம்பு என்று வாங்கினாலும் அதற்குள் மீன் சாறு கலந்திருக்கும்.

மாதிரியும் சரக்கும் ஒன்றாயிருப்பதை இங்கே நான் குறிப்பிடுவதற்குக் காரணமுண்டு. நம்மூர் மல்லி மூட்டையை அவிழ்த்தால் வாயில் ஒரு தரம், அடியில் ஒரு தரம் என்று கமிஷன் கடைக்காரர் எப்போதும் குறை சொல்கிறார். அவர் சொல்வது முழுதும் உண்மை என்று நான் ஏற்கவில்லை. விலையைக் குறைக்க அதுவும் ஒரு சாக்கு. ஆயினும் அந்தச் சாக்கை அவர் கையில் கொடுப்பவர் யார்? இதற்குப் பின்னர் வருகிறேன்.

மல்லி என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. ஜப்பானியர் அன்றாடம் விரும்பி உண்ணும் பண்டங்களுள் 'கறி' என்பது ஒன்று. சோற்றின் மேல் கெட்டியான குழம்பை ஊற்றிக் கரண்டியால் உண்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் மூலமாக அது அங்கே சென்றது. பின்னர் ராஷ் பிஹாரி போஸ் என்னும் வங்காளப் புரட்சி வீரர் 1915-இல் அங்கே அடைக்கலம் புகுந்து, ஷின்ஜுகு பகுதியில் 'நகமுராயா' என்னும் கடை நடத்திய குடும்பத்தில் பெண் எடுத்தார். 1927-இல் அக்கடையில் இந்திய முறைக் கறி விற்பனைக்கு வந்தது. இன்றும் விற்கிறது. மல்லியும் சீரகமும் மஞ்சளும் வெந்தயமும் மிளகாயும் சேர்ந்த பொடிதான் அதற்கு ஆதாரம். நம் கரிசலில் பனிக்காலத்தில் விளையும் மல்லிக்கு உலகில் எங்கெல்லாம் வாய் திறந்திருக்கிறது என்பதை அறிந்து கொள்வது நல்லது.

இனி, கடைகளைப் பார்ப்போம். முட்டைக்கோசைக் கால் பங்காக வெட்டி உறையிட்டு விற்கின்றனர். ஒரே ஒரு காரட்டுக்கு ஒரு தனி உறை. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புப்படி டோக்கியோவின் குடும்பங்களில் ஏறக்குறைய பாதி, தனி ஒருவர் மட்டுமே வாழும் குடும்பங்கள். அவர்களுக்கு முழுக்கோசு எதற்கு? ஆகவே, சரக்கு பெரிதாயிருப்பதைவிடத் தேவைக்கு அளவாயிருப்பதே அங்கே விலை பெறுகிறது. பல காய்கறி உறைகளின் மீது விளைவித்த விவசாயியின் பெயரும், சிலவற்றில் படமும் அச்சிடப்பட்டிருக்கின்றன. பட்டணத்துப் பெண்மணி ஒருவர் அப்படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் பின்னர் கூடையில் போட்டதை நான் கண்டேன்.

அரிசி அலமாரிக்கு அருகில் சிறு சிறு உறைகள் தொங்கின. ஒரு முறை சோறு வடிக்கும் போது அரிசியுடன் கலந்து போடுவதற்கான பல தானியக் கலவை அது. மொழிபெயர்ப்பாளரை அழைத்துப் படிக்கச் சொன்னேன். தினை, பனிவரகு, குதிரைவாலி என்று வந்தது! அவர்கள் குதிரைவாலி நம்முடையதற்குச் சகோதர இனம். ஒரு காலத்தில் நெல் விளையாத மலைப் பிரதேசங்களிலும் வடக்குக் குளிர்ப் பிரதேசங்களிலும் அதுவே ஏழைகளின் சோறு. யுத்தத்திற்குப் பின் வெள்ளை அரிசி எங்கும் பரவவே, குதிரைவாலி உண்பது கௌரவக் குறைவு என்று கருதப்பட்டு அடியோடு மறையும் நிலைக்கு வந்தது. இப்போதோ பட்டணத்தார் உடல் நலம் கருதி, வெள்ளை அரிசியைவிடப் பன்மடங்கு விலை கொடுத்து, அதையே கைப்பிடி கைப்பிடியாக வாங்குகின்றனர். இக்கதையின் முற்பாதி நம்மூரிலும் நடந்ததே. கல்யாண வீட்டில் குதிரைவாலிச் சோறு போட்டால் சம்பந்தி என்ன நினைப்பார் என்று அஞ்சிய தலைமுறை இங்கேயே அமர்ந்திருக்கிறது.

நிற்க. அந்நாட்டில் கண்டவை எல்லாம் போற்றத்தக்கவை என்று எண்ணி விட வேண்டாம். நான் சென்றிருந்த சமயத்தில் அங்கே அரிசிக்குப் பெருந்தட்டுப்பாடு. 5 கிலோ அரிசிப் பையின் சராசரி விலை 4,200 யென்னைக் கடந்திருந்தது. அஃது அதற்கு முந்திய ஆண்டு விலையைப் போல் இரு மடங்கு. நம் கணக்கில் கிலோ சுமார் 500 ரூபாய். ஒரு குடும்பத்திற்கு ஒரு பைதான் என்று கடைகளில் எழுதி வைத்திருந்தனர். சர்க்கார் தன் சேமிப்புக் கிடங்கைத் திறந்து விட வேண்டியதாயிற்று. இதற்குக் காரணம் ஒரு நாளில் உண்டானதன்று. 1962-இல் ஆளுக்கு ஆண்டுக்கு 118 கிலோ அரிசி உண்ட ஜனங்கள் இப்போது ஏறக்குறைய 50 கிலோதான் உண்கின்றனர். ரொட்டியும் மாச்சேவையும் இறைச்சியும் அவ்விடத்தைப் பிடித்துக் கொண்டன. உண்பவர் குறையக் குறைய நெல் பயிரிடும் பரப்பைக் குறைக்கச் சர்க்காரே 1970 வாக்கில் தொடங்கிப் பல்லாண்டு ஊக்கம் கொடுத்தது. முழுநேர விவசாயிகளின் சராசரி வயது 2024-இல் 69-ஐ ஒட்டியிருந்தது. உண்ணும் உணவின் சக்தியில் 38 சதவிகிதம்தான் உள்நாட்டு விளைச்சலிலிருந்து கிடைக்கிறது. எஞ்சியது கப்பலில் வருகிறது. இந்நிலையில் 2023-இல் கடுங்கோடை வந்து நெல் மணியின் தரத்தைக் கெடுத்தது. மறு ஆண்டு அலமாரி காலியாயிற்று. பணம் கையில் இருந்தும் அரிசிப் பை கிடைக்காமல் நின்ற பட்டணத்தாரைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை. நம் ஊரில் நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்டோர் எத்தனை பேர் ஏர் பிடிக்கின்றனர் என்ற எண்ணமே எழுந்தது.

விரயமும் அங்கே உண்டு. ஒரு பண்டத்தின் ஆயுட்காலத்தை மூன்றாக வகுத்து, முதற் பாகத்திற்குள் அது கடைக்கு வந்துவிட வேண்டும், இரண்டாம் பாகத்திற்குள் விற்றுவிட வேண்டும், மூன்றாம் பாகத்தில் அலமாரியில் இருக்கலாகாது என்று வியாபாரிகள் ஒரு வழக்கம் வைத்திருந்தனர். நல்ல பண்டமே குப்பைக்குச் சென்றது. வளைந்த வெள்ளரிக்காய் தரம் குறைந்ததென்று ஒதுக்கப்படுகிறது. வயிற்றுக்குள் போன பின் வெள்ளரி நேராயிருந்தாலென்ன, வளைந்திருந்தாலென்ன? உணவு வீணாவதைக் குறைக்க 2019-இல் தனிச் சட்டமே இயற்றினர். அப்படியும் 2022-ஆம் ஆண்டில் உண்ணத்தகுந்த உணவு சுமார் 47 இலட்சம் டன் வீணாயிற்று. அதில் பாதி வீட்டு அடுக்களைகளில். சட்டத்தைவிட எனக்குப் பிடித்தது கடைக்காரரின் உபாயம். இரவு எட்டு மணி வாக்கில் சிப்பந்தி ஒருவர் வந்து, மிஞ்சிய சோற்றுப் பொட்டலங்களின் மீது பாதி விலைச் சீட்டை ஒட்டிச் செல்வார். அதற்கென்றே காத்திருக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன்.

டோக்கியோவின் புறநகரில், வீடுகளுக்கு நடுவே எஞ்சிய சிறு தோட்டங்களின் ஓரத்தில், ஆளில்லாத மரப்பெட்டிக் கடைகளைப் பார்த்தேன். காய்கறி கட்டுக் கட்டாக இருக்கும்; பக்கத்தில் உண்டியல். 100 யென், அஃதாவது அறுபது ரூபாய்க்குச் சற்றுக் குறைய, போட்டுவிட்டு ஒரு கட்டு எடுத்துக் கொள்ளலாம். இதன் பெரிய வடிவமே அவர்களுடைய சாலையோர நிலையங்கள். 1993 முதல் பதிவு செய்யப்பட்டு வரும் இவை இன்று 1,200-க்கு மேல். லாரிக்காரரும் பிரயாணிகளும் வண்டியை நிறுத்தி இளைப்பாறும் இடத்திலேயே சுற்று வட்டார விவசாயிகளின் விற்பனைக் கூடம். பெரும்பாலும் விவசாயியே விலை குறிக்கிறார்; பெயர்ச் சீட்டு ஒட்டுகிறார்; விற்காததைத் தாமே திரும்ப எடுத்துச் செல்கிறார். விற்றதில் ஒரு பங்கை நிலையம் எடுத்துக் கொள்கிறது. நம் மாநிலத்தில் 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையை நினைத்துக் கொள்ளுங்கள். அதைச் சாலைக்குக் கொண்டு வந்தது போல.

ஒயிட்டா மாகாணத்தில் ஒயாமா என்னும் மலைக் கிராமத்தின் கதையைப் பயிற்சியில் விரிவாகச் சொன்னார்கள். வயல் குறைந்த ஊர் அது. தேசமெங்கும் நெல்லைப் பெருக்கு என்று சர்க்கார் சொல்லிக் கொண்டிருந்த காலத்தில், 1961-இல், எங்கள் மண்ணுக்கு நெல் ஒத்து வராது என்று முடிவு செய்து, பிளம் பழ மரமும் செஸ்ட்நட் என்னும் கொட்டை மரமும் நட்டனர். 'இவற்றை நட்டு ஹவாய்த் தீவுக்குச் சுற்றுலா போவோம்' என்பது அவர்கள் கோஷம். பழத்தை அப்படியே விற்காமல் ஊறுகாயாக்கி விற்றனர். உண்மையிலேயே ஹவாய் சென்று வந்தனர். 1979-இல் அம்மாகாண கவர்னர் ஹிரமாட்சு தொடங்கிய 'ஒரு கிராமம், ஒரு பொருள்' இயக்கத்திற்கு இவ்வூரும் ஒரு முன்மாதிரி. அலுவலர் வர்க்கத்தைச் சேர்ந்த நானே இதைச் சொல்வது விநோதமாயிருக்கலாம். ஆனால் மேலிருந்து வந்த யோசனையை மண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து மறுத்த கிராமம்தான் பின்னர் மேலிடத்திற்கே வழிகாட்டியது.

நம்மிடமும் உதாரணம் இல்லாமலில்லை. கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. கடலையும் வெல்லமும் எவ்வூரில் இல்லை? பல்லாண்டு ஒரே ருசியாய், ஒரே பக்குவமாய்ச் செய்ததால் அப்பெயர் நின்றது. கோவில்பட்டியில் 1901 முதல் நடந்து வரும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிர்களுக்கு இரகங்களைத் தந்து வருகிறது. விதையும் மண்ணும் நம்மிடம் இருக்கின்றன. இல்லாதது எது?

தை, மாசியில் நம் தார்ச் சாலைகளைப் பாருங்கள். கம்பும் குதிரைவாலியும் மல்லியும் சாலையில்தான் பரப்பப்படுகின்றன. லாரிச் சக்கரம்தான் போரடிக்கிறது. கல், மண், தாரின் துணுக்கு யாவும் தானியத்தோடு மூட்டைக்குள் செல்கின்றன. இரவில் அக்குவியலில் வழுக்கி விழுந்த மோட்டார் சைக்கிள்காரர்களையும் நாம் அறிவோம். உலர்களம் கட்டிய ஊரிலும் அதில் வைக்கோற்போர் நிற்கிறது, அல்லது கிரிக்கெட் நடக்கிறது. வீட்டுக்கு அருகில் சாலை இருக்கக் களத்துக்கு ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்பீர்கள். ஆள் கூலி ஒரு பொருட்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் கல் கலந்த குதிரைவாலியை உமி நீக்கும் யந்திரம் ஏற்காது. உமி நீக்காத குதிரைவாலி பட்டணத்துக் கடை அலமாரிக்குச் செல்லாது. மூட்டையாகவே போகும், கமிஷன் கடை சொல்லும் விலைக்கு. இதனால் சலித்துத்தான் பலர் கோழித் தீவனத்திற்கான மக்காச்சோளத்திற்கு மாறினீர்கள். படைப்புழு வந்த பின் அதிலும் நிம்மதியில்லை.

மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலை நம் வட்டாரத்திற்கு அருகிலேயே, அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகச் செல்கிறது. அதன் ஓரத்தில் நம் பெயரில் ஒரு விற்பனைக் கூடம் வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் கூடத்தை முதலில் கட்டிவிட்டுச் சரக்குக்கு அலையும் வேலையை நான் செய்யப் போவதில்லை. அரைக் கிலோ உறையில் கல்லில்லாத குதிரைவாலி அரிசியும், தூசியில்லாத மல்லியும், ஊர்ப் பெயரோடு, ஒரே தரமாய் ஒரு வருஷம் தொடர்ந்து கொடுக்க மூன்று ஊர்கள் முன் வரட்டும். பொட்டலமிடும் பணியை மகளிர் குழுக்கள் ஏற்கலாம். அதன் பின் இடம் கேட்டு அலைவது என் பொறுப்பு. விலை உடனே இரட்டிப்பாகும் என்று வாக்களிக்க மாட்டேன். முதல் வருஷம் லாபம் சொற்பமாகவே இருக்கும்.

உலர்களங்களில் உள்ள வைக்கோற்போர்களைப் புரட்டாசிக்குள் அகற்றும் பொருட்டு ஒவ்வொரு ஊருக்கும் கடிதம் வருகிறது. அடுத்த கூட்டத்திற்கு வரும்போது ஊருக்கு ஒரு படி குதிரைவாலி, சென்ற வெள்ளாமையில் மூட்டை கட்டியது கட்டியபடியே, கொண்டு வாருங்கள். சலித்து, கல் எவ்வளவு, தூசி எவ்வளவு என்று எல்லோர் முன்னிலையிலும் நிறுத்துப் பார்ப்போம். தராசும் சல்லடையும் அலுவலகத்தில் இருக்கின்றன.