பால் மரம் சொல்லும் உயிரியல்



தாதிமை, மருந்தகம், ஆய்வுக்கூடம், மருத்துவம் என்று சுகாதாரத் துறைப் படிப்புகளை நாடிச் செல்லும் பிள்ளைகள் இன்று கெடாவின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பல வீடுகளில் இருக்கிறார்கள். படிக்கும் இடமும் வெகு தொலைவில் இல்லை. சங்லூனில் மெட்ரிகுலேசன் கல்லூரி இருக்கிறது. பீடோங்கிற்கு அருகே செமிலிங்கில், 2001-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. எந்தப் படிப்பை எடுத்தாலும் வாசற்படியாக நிற்பது முதலாண்டு உயிரியல். அந்தப் பாடத்தை நம் பிள்ளைகள் எப்படிப் படிக்கலாம், பெற்றோர் எப்படித் துணை நிற்கலாம் என்பதையே இன்று பார்க்கப் போகிறோம்.

இந்த வாசற்படியில் நம் பிள்ளைகள் தடுமாறுவது ஏன்? அறிவுக் குறைவால் அல்ல. நம் பிள்ளை ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படிக்கிறது. இடைநிலைப் பள்ளியில் பாடமொழி மலாய். கல்லூரிக்குப் போனால் பெரும்பாலும் ஆங்கிலம். ஒரே இதயத்தை முதலில் ‘இதயம்’ என்றும், பிறகு ‘ஜந்துங்’ என்றும், அதன் பிறகு ‘ஹார்ட்’ என்றும் படிக்கிறது. அத்தோடு முடிந்ததா? கல்லூரிப் புத்தகம் இதயத் தசையை ‘கார்டியாக்’ தசை என்கிறது. சிறுநீரகம் ‘புவா பிங்காங்’ ஆகி, ‘கிட்னி’ ஆகி, நோயைப் பற்றிப் பேசும்போது ‘ரீனல்’ ஆகிவிடுகிறது. பொருள் ஒன்றுதான், சட்டை மட்டும் நான்கு. இதை யாரும் எடுத்துச் சொல்லாததால், பிள்ளை நான்கையும் நான்கு புதிய பாடங்களாக எண்ணி மனப்பாடம் செய்யத் தொடங்குகிறது. இரண்டு மாதத்தில் களைத்துப் போகிறது.

மனப்பாடம் தேர்வு மண்டபம் வரை துணைக்கு வரலாம். நோயாளியின் கட்டிலருகே வராது. ஆகவே ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் உள்ள பொருளைப் பிள்ளை கண்டுகொள்ள வேண்டும். அப்படிப்பட்ட பொருள்கள் நம் தோட்டத்திலேயே நிறைய இருக்கின்றன.

பால் மரம் சீவியவர்களைக் கேட்கிறோம். விடியுமுன்னே ஏன் காட்டுக்குப் போனீர்கள்? வெயில் ஏறினால் பால் சரியாக இறங்காது என்பீர்கள். அதுதான் உயிரியலின் முதல் அதிகாரங்களில் ஒன்று. மரப்பட்டையின் உட்பகுதியில் பால் குழாய்கள் ஓடுகின்றன. இரவில் இலைகள் நீரை அதிகம் ஆவியாக விடுவதில்லை. வேர் உறிஞ்சிய நீர் உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை விம்ம வைக்கிறது. விடியற்காலையில் பால் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல் சுமார் 10 மடங்கு. உளி பட்டதும் பால் பீறிட்டு வருவது அதனால்தான். சூரியன் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கியதும் அழுத்தம் இறங்குகிறது, பாலும் குறைகிறது.

நீர், உப்பும் சர்க்கரையும் குறைவாக உள்ள பக்கத்திலிருந்து அவை கூடுதலாக உள்ள பக்கத்திற்கு, உயிரணுவின் மெல்லிய சவ்வைக் கடந்து செல்கிறது. இதைத்தான் புத்தகம் ‘ஒஸ்மோசிஸ்’ என்கிறது. தமிழில் சவ்வூடு பரவல். இனி மருத்துவமனைக்கு வருவோம். நோயாளியின் நரம்பில் ஏற்றும் உப்பு நீரில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. ஏன் அந்த அளவு? நம் இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் நீர் அளவுக்கு மீறிப் புகவும் கூடாது, உள்ளிருக்கும் நீர் வெளியேறி அவை சுருங்கவும் கூடாது. வெறும் தண்ணீரை ஏற்றினால் சிவப்பணுக்கள் ஊதி வெடித்துவிடும். இந்த ஓர் அதிகாரத்தைப் புரிந்து படித்த தாதிக்கும் புரியாமல் ஒப்புவித்த தாதிக்கும் இடையே நிற்பது ஓர் உயிர்.

இன்னொன்று. ஸ்டோரில் பாலோடு ஃபார்மிக் அமிலம் சேர்த்தால் பால் கட்டியாகிறது. பாலில் மிதக்கும் இரப்பர்த் துகள்களைப் புரதம் போர்த்தியிருக்கிறது. அந்தப் போர்வையில் உள்ள மின்னூட்டம் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் விலக்கி வைக்கிறது. அமிலம் சேர்ந்ததும் அந்த விலக்கும் சக்தி போய்விடுகிறது, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. புரதத்தின் குணம் அமிலத்தின் அளவைப் பொறுத்தது என்பதே இங்கே பாடம். நம் உடலிலும் அப்படியே. இரைப்பையில் உணவைச் செரிக்கும் பெப்சின் என்னும் நொதிக்குக் கடும் அமிலம் தேவை. இரத்தத்திலோ அமில காரச் சமநிலை 7.35-க்கும் 7.45-க்கும் இடையே இருக்க வேண்டும். அந்த எல்லையைத் தாண்டினால் உடல் தத்தளிக்கும்.

நோய்களின் அதிகாரத்திலும் நம் முன்னோர் வாழ்க்கை எழுதப்பட்டிருக்கிறது. மலேரியாக் கிருமி கொசுவின் உடலுக்குள் இருப்பதை 1897-இல் செக்கந்தராபாத்தில் ரொனால்ட் ரோஸ் கண்டறிந்தார். 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் நீர் தேங்கிய நிலங்களை வடியச் செய்து காய்ச்சலைக் குறைத்தார். ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் கதை வேறு. அங்கே காட்டை அழித்தபோது ஓடைகளின் மேல் வெயில் விழுந்தது. வெயில் படும் தெளிந்த ஓடையில்தான் அனோஃபிலிஸ் மாகுலாட்டஸ் என்னும் கொசு முட்டையிடும். எந்தக் கொசு, எந்த நீர் என்று தெரியாமல் நோயை ஒழிக்க முடியாது என்பதை இந்நாட்டுத் தோட்டங்கள்தாம் உலகுக்குக் காட்டின. காய்ச்சலில் மாண்ட தொழிலாளர்கள் கொடுத்த விலை அது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் சில ஆண்டுகள் மலேசியாவில் உள்நாட்டில் ஒருவருக்கும் தொற்றவில்லை. குரங்குகளிடமிருந்து வரும் வகை மட்டும் இன்னும் இருக்கிறது. அதை ஆராயப் போகிறவர் நம் வீட்டுப் பிள்ளையாக ஏன் இருக்கக்கூடாது?

இனி, படிக்கும் முறைக்கு வருவோம்.

முதலாவது, ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தில் பக்கத்தை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். தமிழ், மலாய், ஆங்கிலம், மருத்துவச் சொல் என்று எழுதி வாருங்கள். கல்லீரல், ‘ஹாத்தி’, ‘லிவர்’, ‘ஹெப்பாடிக்’. ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி என்று தெரிந்துகொண்டால், ‘ஹெப்படைட்டிஸ்’ கல்லீரல் அழற்சி என்பது தானே விளங்கும். ‘நெஃப்ரைட்டிஸ்’ சிறுநீரக அழற்சி. இப்படிச் சில வேர்ச்சொற்களைக் கற்றால் பல நூறு சொற்களை மனப்பாடம் செய்யும் வேலை மிச்சம். ‘செல்’, ‘நுக்லியஸ்’, ‘என்சிம்’ போன்ற மலாய்ச் சொற்களும் ஆங்கிலத்திற்கு மிக அருகில் இருப்பவைதாம், அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது, விரிவுரைக்கு முந்திய இரவே அந்த அதிகாரத்தின் படங்களையும் தலைப்புகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விரிவுரை முடிந்த அன்றே புத்தகத்தை மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். படத்தை வரைந்து பாருங்கள். எழுத வராத இடமே மறுபடி படிக்க வேண்டிய இடம். பச்சை மையால் வரி வரியாகக் கோடு போடுவது படித்ததாகாது.

மூன்றாவது, புரியாததை அந்த வாரத்திலேயே விரிவுரையாளரிடம் கேளுங்கள். ஆங்கிலம் தடுக்குகிறது என்று கடைசி வரிசையில் ஒதுங்க வேண்டாம். பிழையோடு கேட்ட கேள்விக்கும் பதில் கிடைக்கும். கேட்காத கேள்விக்குக் கிடைக்காது.

பெற்றோர்களே, ‘நாங்கள் படிக்காதவர்கள், எங்களால் என்ன ஆகும்’ என்று ஒதுங்கிவிடாதீர்கள். பிள்ளை விடுமுறைக்கு வீடு வந்தால், ‘இந்த வாரம் என்னப்பா படிச்சே, எனக்கும் சொல்லு’ என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி தமிழில் சொல்ல முடிந்தால், பிள்ளை அதைக் கற்றுவிட்டது என்று பொருள். சொல்லத் திணறினால், அதற்கே எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். பால் ஏன் விடியலில் இறங்கியது என்று நீங்கள் சொல்லுங்கள். அதன் காரணத்தைப் பிள்ளை சொல்லட்டும். இதற்குக் காசு செலவில்லை. தினம் இரண்டு மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்தி, சாப்பாட்டு மேசையை ஒழித்துக் கொடுத்தால் போதும்.

நாளை அந்தப் பிள்ளை சுங்கை பட்டாணியிலோ அலோர் ஸ்டாரிலோ ஒரு மருத்துவமனையில் வேலைக்கு நிற்கும்போது, மலாய் தெரியாத ஒரு தோட்டத்துப் பாட்டி வலியோடு வருவார். ‘எங்கே வலிக்குது பாட்டி?’ என்று தமிழில் கேட்டு, அதை மருத்துவச் சொல்லில் எழுதிக்கொள்ள அந்தப் பிள்ளையால் முடியும். மூன்று மொழியில் கற்றது அன்று சுமையாக இராது.