பெடலை விட்டால் பாட்டு நிற்கும்



போன கிழமை புத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி மடிக்கணினியோடு விறாந்தைக்கு வந்தான். உயர்தரம் படிக்கிற பிள்ளை. வந்ததும் வராததுமாகப் பிளக் எங்கே என்று தேடிச் செருகினான். பிறகுதான் வாய் திறந்தான்.

"அண்ணை, சி டிரைவ் நிரம்பிப் போச்சு. ஹைபர்நேற்றை நிப்பாட்டினால் இடம் கிடைக்குமாம். நிப்பாட்டட்டோ?"

"பொறு தம்பி" என்றேன். எனக்கு ஒரு சைக்கிள் நினைவுக்கு வந்தது.

1990-களில் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமில்லாமல் கிடந்த ஆண்டுகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றுவோம். டைனமோ கொடுக்கிற மின்சாரத்தில் ரேடியோ பாடும். கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரும் பாதிச் சொல்லில் ஓய்ந்துவிடுவார்.

கணினியின் ரேம் நினைவகமும் அப்படித்தான். நீங்கள் தட்டச்சுச் செய்துகொண்டிருக்கும் கடிதம், மின்சாரம் ஓடும்வரைதான் அதில் இருக்கும். 'சிலீப்' என்பது பெடலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருப்பது. திரை அணைந்திருக்கும், பற்றரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். 'ஹைபர்நேற்' வேறு. ரேமில் உள்ளதை வன்தட்டில் எழுதி வைத்துவிட்டு, கணினி முழுதாக அணைந்துவிடும். ஒரு கிழமை கழித்துத் திறந்தாலும் விட்ட வரியிலேயே நிற்கலாம்.

அப்படி எழுதத்தான் விண்டோஸ் ஓர் இடத்தை ஒதுக்கி வைக்கிறது. வழக்கமாக ரேமின் அளவில் 40 சதவீதம். தம்பியின் கணினியில் 8 ஜிபி ரேம். ஆகவே மூன்று ஜிபிக்குச் சற்றுக் கூட. நிறுத்தினால் அந்த இடம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அதோடு கணினியைச் சுறுக்காகத் திறக்க வைக்கும் வசதியும் போய்விடும். அவன் இறக்கி வைத்திருந்த படங்களைப் பார்த்தேன். இரண்டை அழித்தாலே அதைவிடக் கூட இடம் வரும்.

அவனிடம் எல்லாவற்றையும் சேமிக்கச் சொல்லிவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினேன். திரை அந்தக் கணமே கறுத்தது. பற்றரி செத்து எவ்வளவு காலமோ!

விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஹைபர்நேற் எழுதி முடிக்கச் சில விநாடிகளாவது வேண்டும். கறண்ட் போன பிறகு அந்த விநாடிகளைத் தருவது பற்றரிதான். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. ஆனாலும் அட்டவணை போட்டு வெட்டினார்கள். செத்த பற்றரிக்காரரும் நேரத்தைப் பார்த்து, முன்கூட்டியே ஹைபர்நேற் செய்துவிட்டு எழும்பலாம். 2025 பெப்ரவரி 9 அப்படியா? பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதாக அமைச்சர் சொன்னார். நாடு முழுக்க இருண்டது. குரங்கு அட்டவணை போடுவதில்லை.

ஆகவே, முதலில் வேலையைச் சேமித்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பற்றரி தாக்குப்பிடித்தால் ஹைபர்நேற்றை விட்டு வையுங்கள். பழைய பற்றரி 15 சதவீதத்திலிருந்து ஒரேயடியாக விழக்கூடும். அதனால் கணினியின் பவர் அமைப்புகளுக்குள் போய், பற்றரி எத்தனை சதவீதத்துக்கு இறங்கும்போது ஹைபர்நேற் ஆக வேண்டும் என்பதைச் சற்று உயர்த்தி வையுங்கள். பற்றரி செத்திருந்தால் முதற்செலவு பற்றரிக்கு. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் மூடிக் கணினியை முழுதாக அணைக்கிற பழக்கக்காரருக்கு இடமும் நெருக்கடி என்றால், ஹைபர்நேற்றை நிறுத்துவதில் பெரிய நட்டமில்லை.

தம்பி இரண்டு படத்தை அழித்தான். பற்றரிக்குக் காசு சேர்க்கிறானாம். அதுவரை ஐந்து நிமிடத்துக்கொருதரம் கொன்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அமத்திக்கொண்டிருக்கிறான். பெடல் இப்போது அவன் கையில்.