புகைப்படமும் அளவுகோலும்

புகைப்படம் பொய் சொல்லாது என்று நம்மில் பலரும் நம்புகிறோம். ஆனால், அது அளவைத் தானாகச் சொல்வதுமில்லை. யானையின் படமும் எலியின் படமும் ஒரே அஞ்சலட்டையில் அடங்கிவிடும் அன்றோ? ஆதலின், ஒருவர் படத்தைக் காட்டி வாதாடும்போது, அதில் அளவுகோல் எது என்று நாம் கேட்க வேண்டும்.

2001 செப்டம்பர் 11 அன்று, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பெண்டகன் கட்டடத்தின்மீது, கடத்தப்பட்ட போயிங் 757 விமானம் மோதியது. கடத்தியவர் ஐவர் நீங்கலாக 184 பேர் மாண்டனர். பின்னர்ச் சிலர், சுவரில் உள்ள துளை 20 அடிக்கு மேலில்லை என்றும், இறக்கை நுனிக்கு நுனி ஏறத்தாழ 125 அடியுள்ள விமானம் அங்கே மோதியிருக்க முடியாது என்றும் படங்களைக் காட்டி வாதிட்டனர்.

இதனைச் சோதிக்கும் வழி எளிது. அக்கட்டடத்தின் உயரம் ஏறத்தாழ 77 அடி. நேர் எதிரே நின்று எடுத்த படத்தில் அவ்வுயரம் 77 மில்லிமீட்டர் எனில், அச்சுவரில் ஒரு மில்லிமீட்டர் ஓர் அடியைக் குறிக்கும். அவ்வளவைக் கொண்டே சிதைவின் அகலத்தையும் அறியலாம்.

இங்கு நாம் மூன்று செய்திகளை மறத்தலாகாது. முதலாவது, அளவுகோல் அதே சுவரில் இருக்க வேண்டும். முன்னே நிற்கும் தீயணைப்பு வண்டி பெரிதாகத் தோன்றும். அதைக்கொண்டு அளந்தால், துளை உள்ளதைவிடச் சிறிதாகிவிடும். இரண்டாவது, பக்கவாட்டில் நின்று எடுத்த படத்தில் அகலம் குறுகும். மூன்றாவது, படம் எப்போது எடுக்கப்பட்டது என்று அறிதல் வேண்டும். மோதி அரைமணி நேரமளவில் முகப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

இம்முறையில் நோக்கின் உண்மை விளங்கும். அவர்கள் காட்டியது மேல்தளத்துத் துளை. தரைத்தளத்தைத் தீயணைப்போர் பீய்ச்சிய நீர் மறைத்திருந்தது. தரைத்தளம் தெரியும் படங்களிலோ, சிதைவு 75 அடிக்கும் மேற்பட்டது. விமானத்தின் உடல் 12 அடிக்குச் சற்றே கூடுதலான அகலமுடையது. இலேசான இறக்கை நுனிகள் சுவரைத் துளைக்காமல் நொறுங்கின. 1945-இல் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் மோதிய பி-25 விமானத்தின் இறக்கை அகலம் ஏறத்தாழ 67 அடி. சுவரில் ஏற்பட்ட துளையோ ஏறக்குறைய 20 அடிதான்.

ஐயுறுவது தவறன்று. ஆயின், மாண்டோரின் சுற்றத்தார் இன்னும் வாழும் உலகில், அந்த ஐயத்தைப் பிறரிடம் பரப்புமுன் ஒருமுறை அளந்து பார்ப்பது நம் கடமையாகும்.