மொய் எழுதாத அறுபது

சிங்கப்பூரில் பதிவான தொலைக்காட்சி அரங்கத்தில், 'பிறந்தநாள் விழா: அன்பா, ஆடம்பரமா?' என்ற தலைப்பில் குடும்பத் தலைவி ஒருவர் பேசியது:



நான் பிறந்தது 1965-ல். சிங்கப்பூர் தனி நாடானதும் அந்த வருடம்தான். சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயிலில், துணிக்கடை நடத்தி முன்னுக்கு வந்த பி.கோவிந்தசாமிப் பிள்ளை கட்டிக்கொடுத்த கல்யாண மண்டபம் திறக்கப்பட்டதும் அதே வருடம்தான். மூன்று பேருக்கும் 2025-ல் அறுபது. நாட்டுக்கு வாணவேடிக்கை விட்டார்கள். என் வீட்டில் சண்டை நடந்தது.

2018-ல் என் கணவருக்கு அறுபது. அந்த மண்டபத்தில்தான் மணிவிழா. ஹோமம், கலசாபிஷேகம், மறுபடியும் என் கழுத்தில் தாலி. ஊரே வந்து வாழ்த்தியது. அடுத்த வருடமே அவருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஓர் அறநிறுவனம் நடத்தும் நிலையத்தில்தான் செய்தோம். கட்டணத்தில் நாங்கள் கொடுத்தது கொஞ்சம். முகம் தெரியாத யாரோ கொடுத்தது மீதி. 2023-ல் அவர் போய்விட்டார்.

என் அறுபது நெருங்கியதும் மகள், "அம்மா, உனக்கும் கொண்டாடணும்" என்றாள். பெரிய நாத்தனார் போனிலேயே வெடித்தார். "தாலி இறங்கின வீட்டுல என்ன பிறந்தநாள் வேண்டிக்கிடக்கு?"

ஐயா, நம் கணக்கில் அறுபது என்பது ஆண்களுக்குத்தான் வரும். பெண்களுக்கு அந்த வயதில் முட்டி வலிதான் வரும். (சிரிப்பு)

நாத்தனார் சொன்னது எனக்கு வலித்தது. ஆனால் மகளின் திட்டத்தைக் கேட்டதும் அதுவும் வேண்டாமென்று தோன்றியது. 'எழுபதுகள் விருந்து' என்றாள். வருகிறவர்கள் எல்லாம் பெல்பாட்டமும் பெரிய பொட்டும் நீளக் காலருமாக வர வேண்டும். நட்சத்திர ஹோட்டலில் சாப்பாடு. வசூலாகும் மொய்ப்பணத்தை அப்பாவைப் பார்த்துக்கொண்ட நிலையத்துக்குக் கொடுத்துவிடலாம்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஹோட்டல் பில் போக அவங்களுக்கு எவ்வளவு மிஞ்சும்?" மகள் பதில் சொல்லவில்லை.

இங்கே வரிக்கழிவுத் தகுதி பெற்ற அறநிறுவனங்களுக்கு ஒரு விதி உண்டு. நிதி திரட்டுவதற்கு ஆகும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. எங்கள் வீட்டு விருந்தை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால் தர்மத்தின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, வந்த பணத்தில் பிரியாணிக்குக் காசு கட்டினால் அதற்குப் பேர் என்ன?

2005-ல் தேசிய சிறுநீரக அறநிறுவன விவகாரத்தில் இந்த நாடே கொதித்தது. தலைமை நிர்வாகியின் சம்பளம் வருடத்துக்கு 6 லட்சம் வெள்ளி என்று நீதிமன்றத்தில் தெரிந்ததும் ஆயிரக்கணக்கானோர் நன்கொடையை நிறுத்தினார்கள். பிறகு நிர்வாகக் குழுவே மாறியது. இங்கிலாந்தில் கேப்டன் டாம் மூர் என்ற பெரியவர் 2020-ல் தம் நூறாவது பிறந்தநாளுக்குள் தோட்டத்தில் நூறு சுற்று நடந்து, ஆயிரம் பவுன் சேர்க்க நினைத்தார். 3 கோடிக்கு மேல் சேர்ந்தது. அது முழுக்க மருத்துவ அறப்பணிக்குப் போனது. ஆனால் அவர் பேரில் பின்னால் தொடங்கிய அறக்கட்டளையில் குடும்பத்தார் ஆதாயம் பார்த்ததாக, அறநிறுவன ஆணையம் 2024-ல் கண்டித்தது. கொடுத்தவர்கள் மனசு சுத்தம். கணக்குச் சுத்தமில்லை என்றால், அடுத்த தடவை கொடுக்க வரும் கை நின்றுவிடுகிறது. அதில் பாதிக்கப்படுவது யார்? நாலு மணி நேரம் ஊசியோடு நாற்காலியில் சாய்ந்திருக்கிற நோயாளிதான்.

அதனால் மூன்று நிபந்தனை போட்டேன். ஒன்று, சாப்பாட்டுச் செலவு எங்களுடையது. கொடுக்கிற பணம் ஒரு காசு குறையாமல் நிலையத்துக்கு. இரண்டு, வரிக்கழிவு வேண்டுகிறவர்கள் 'கிவிங் டாட் எஸ்ஜி' இணையத்தளம் வழியாகத் தங்கள் பேரிலேயே நேராகக் கட்டட்டும். இங்கே தகுதியுள்ள நன்கொடைக்கு இரண்டரை மடங்கு வரிக்கழிவு உண்டு. என் கையில் வாங்கி நான் கட்டினால் அந்தக் கழிவு எனக்கு வரும், அது நியாயமில்லை. மூன்று, முடியாதவர்களுக்கு ஒரு பெட்டி. உறையில் பேர் வேண்டாம். மொய் நோட்டும் வேண்டாம்.

ஹோட்டல் போய், வீட்டுப் பக்கத்துச் சமூக மன்றத்தில் ஓர் அறை வந்தது. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கி, அக்கா தங்கைகள் சேர்ந்து சமைத்தோம். பெல்பாட்டம் மட்டும் இருந்தது!

எழுபதுகளில் இங்கே அரசு அலுவலகங்களில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருப்பார்கள். 'நீள முடி வைத்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம்' என்று. பேரன்கள் அதே மாதிரி ஒன்றை எழுதி வாசலில் ஒட்டினார்கள். காதை மூடுகிற அளவுக்கு முடி இருந்தால் பந்தியில் கடைசி இடம். முந்தி உட்கார வேண்டுமானால் பெட்டியில் 2 வெள்ளி அபராதம். அபராதத்துக்குப் பேர்போன ஊராயிற்றே! (கைதட்டல்) என் மருமகன் மூன்று தடவை கட்டினார்.

என் கணவரோடு வேலை பார்த்த புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் வந்திருந்தார். தங்கும் விடுதியில் இருந்து ஊருக்குப் பணம் அனுப்புகிறவர். பெட்டிப் பக்கம் தயங்கி நின்றார். "அக்கா, எங்க பக்கம் ஆடி மாசம் மொய் விருந்து வைப்பாங்க. நோட்டுல எழுதுவாங்க. நாளைக்கு அவங்க வீட்டு விருந்துல நாம திருப்பிச் செய்யணும். நீங்க எழுதலையே, எப்படித் திருப்புவீங்க?" என்று கேட்டார்.

"தம்பி, இது நான் திருப்பிச் செய்கிற மொய். நாலு வருஷம் எழுதாம வாங்கியிருக்கேன்" என்றேன். அவர் உறையைப் போட்டார். எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நோட்டு இருந்திருந்தால் அந்தத் தம்பி அன்றைக்கு வந்தேயிருக்க மாட்டார்.

மறுநாள் காலையில் இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்து எண்ணினோம். 3,140 வெள்ளி. அப்படியே கட்டி, யார் பேரிலும் கழிவு கேட்காமல், ரசீதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டோம்.

பெரிய நாத்தனார் வரவில்லை. ஆனால் அவருடைய மகன் ஓர் உறை கொண்டுவந்தான். பேர் எழுதக்கூடாது என்று சொல்லியிருந்தும், அந்த உறையில் மட்டும் ஒரு பேர் இருந்தது. அவர் தம்பியின் பேர். என் கணவரின் பேர்.

அந்த உறையை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். பணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

தாய்மார்களே, உங்களுக்கும் அறுபது வரும். கூடக் கணவர் இருந்தாலும் வரும், இல்லாவிட்டாலும் வரும். கொண்டாடுங்கள். விருந்தை உங்கள் காசில் போடுங்கள். உறையை அடுத்தவருக்கு விடுங்கள். அப்போது அது ஆடம்பரமா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.